அன்று கூப்பு, இன்று வகுப்பு

பிச்சாவரம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது படகுத்துறைதான். சிதம்பரத்திலிருந்து கிள்ளை வழியாக வந்து, டிக்கெட் எடுத்து, துடுப்புப் படகில் ஏறி, சுரபுன்னை வேர்கள் தண்ணீருக்குள் இறங்கி நிற்கும் சந்துகளுக்குள் ஒரு சுற்று போய்வந்தால் ஊர் பார்த்தாயிற்று. 1975-ல் 'இதயக்கனி' படம் எடுத்த இடம் என்று படகோட்டி சொல்வார். அந்தப் படம் வந்த காலத்தில் இந்தக் காடு எந்த நிலையில் இருந்தது என்பதையும் யாராவது சொல்ல வேண்டும். சொன்னால், ஒரு காட்டைக் காப்பாற்றுவதில் பல்கலைக்கழகத்துக்கு என்ன பங்கு, அது தனியாக எதைச் செய்ய முடியாது, யாரோடு சேர்ந்தால் எதைச் செய்ய முடியும் என்கிற மூன்றும் ஒரே இடத்தில் விளங்கிவிடும்.

ஆங்கிலேயர் காலத்திலிருந்து 1970-கள் வரை பிச்சாவரம் ஒரு விறகுக்காடு. வனத்துறைக்காரர்களின் பேச்சில் அதற்குப் பெயர் கூப்பு வெட்டு. காட்டைத் துண்டு துண்டாகப் பிரித்து, முறைவைத்து ஒவ்வொரு துண்டையும் அடியோடு வெட்டி எடுப்பார்கள். வெட்டிய இடம் தானாக வளர்ந்துவிடும், சில பத்தாண்டுகள் கழித்து மறுபடி அங்கேயே வந்து வெட்டலாம் என்பது கணக்கு. தேக்குக்குப் பொருந்தக்கூடிய அந்தக் கணக்கை உப்பங்கழிச் சேற்றுக்கும் போட்டார்கள். வெட்டிய கூப்புகள் பல வளரவில்லை. வெள்ளையாக உப்புப் பூத்த பொட்டல்களாகக் கிடந்தன. விளிம்பில் மட்டும் கொஞ்சம் உமரிச் செடி.

இத்தனைக்கும் பக்கத்திலேயே ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1929-ல் நிறுவிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சிதம்பரத்தில். அதன் கடல் உயிரியல் ஆய்வு மையம் பரங்கிப்பேட்டையில், வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்தின் கரையிலேயே. பேராசிரியர் ஆர்.வி. சேஷய்யா ஊன்றிய அந்த மையத்தில் படித்தவர்கள் மிதவை உயிரிகளையும் நண்டு, இறால் குஞ்சுகளையும் அவற்றின் பருவங்களையும் ஓதங்களையும் வருடக்கணக்கில் பதிவு செய்தார்கள். உலகத் தரமான வேலை அது. வெள்ளாற்றின் உப்புத்தன்மை எந்த மாதத்தில் எவ்வளவு என்று சொல்ல அந்தப் பதிவேடுகள் இல்லாமல் முடியாது. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை.

ஆனால் அன்றைய ஏற்பாட்டில் ஒரு பெரிய இடைவெளி இருந்தது. மரம் வனத்துறையுடையது. உயிரினத்தின் பெயரும் வகைப்பாடும் பல்கலைக்கழகத்துடையது. மீன் மீன்வளத்துறையுடையது. காட்டுக்குள் இறங்கிப் பிழைக்கிற மனிதர்கள் யாருடைய பாடத்திலும் இல்லை. மாணவர் வருவார், மாதிரி எடுப்பார், பட்டம் வாங்குவார், போவார். பொட்டலாகிப்போன கூப்பு அவருடைய ஆய்வுத் தலைப்பு அல்ல. அலுவலர் வருவார், எல்லைக் கல்லைப் பார்ப்பார், விறகு பொறுக்கும் பெண்களைத் துரத்துவார். காடு ஏன் அழிகிறது என்று கேட்டால் எல்லோரிடமும் ஒரு பதில் தயாராக இருந்தது: ஊர் மாடுகள் மேய்கின்றன, ஊரார் விறகு வெட்டுகிறார்கள். அந்தப் பதிலைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று நெடுங்காலம் யாருக்கும் தோன்றவில்லை.

சோதனை நடந்தது 1990-களில். எம்.எஸ். சுவாமிநாதன் 1988-ல் தொடங்கிய ஆராய்ச்சி நிறுவனம் பிச்சாவரம் உள்ளிட்ட தமிழகக் கடற்கரையின் அலையாத்திக் காடுகளைக் கையில் எடுத்தது. 1990-ல் ஜப்பானின் ஒக்கினாவாவைத் தலைமையிடமாகக் கொண்டு அலையாத்திக் காடுகளுக்கான பன்னாட்டுச் சங்கம் உருவானபோது, அதன் முதல் தலைவரும் அவர்தான். பின்னர் இந்திய–கனடியச் சுற்றுச்சூழல் நிதியத்தின் உதவியும் வந்தது. வனத்துறை, ஆராய்ச்சி நிறுவனம், ஊர்மக்கள் மூவரும் ஒரே சேற்றில் நின்றார்கள். அப்படி நின்றபோதுதான் மாடும் விறகும் அழிவுக்கு முதற்காரணம் அல்ல என்று தெரிந்தது.

நடந்தது இதுதான். ஒரு கூப்பை மொத்தமாக வெட்டியதும் மண் வெயிலுக்குத் திறந்துவிடுகிறது. சேற்றிலிருந்த நீர் ஆவியாகிறது, களிமண் சுருங்குகிறது, தரை தாழ்ந்து தொட்டியாகிறது. விளிம்பு உயரமாகவும் நடு பள்ளமாகவும் ஆகிவிட்டால், ஓதம் ஏறும்போது உள்ளே வந்த தண்ணீர், வடியும்போது வெளியே போவதில்லை. தேங்கி நின்று ஆவியாகிறது. உப்பு மட்டும் தங்குகிறது. அடுத்த ஓதம் இன்னும் கொஞ்சம் உப்பைக் கொண்டுவருகிறது. கடல் நீரில் ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு. இந்தப் பள்ளங்களில் அது அதைவிடப் பல மடங்கு ஏறியது. வெண்கண்டல் உப்பைத் தாங்கும் மரம்தான், இலை வழியே உப்பை வெளியே தள்ளும் மரம்தான். ஆனாலும் அதற்கும் ஓர் எல்லை உண்டு. மிதந்துவந்த விதை அந்தத் தரையில் வேர் பிடிக்கவில்லை. மேட்டூர் அணை வந்த 1934-க்குப் பிறகு கொள்ளிடத்தின் வழியே வரும் நன்னீரின் போக்கும் மாறிவிட்டது. வெள்ளம் வந்து உப்பைக் கழுவிவிடும் வாய்ப்பும் குறைந்தது.

நோய் தெரிந்ததும் மருந்து எளிதாகிவிட்டது. தேங்கியதை வெளியேற்ற வழி வெட்ட வேண்டும். இயற்கையான ஓடையிலிருந்து பொட்டலுக்குள் ஒரு பெரிய கால்வாய், அதிலிருந்து இருபுறமும் சாய்வாகச் சின்னக் கால்வாய்கள். மேலிருந்து பார்த்தால் மீனின் நடுமுள்ளும் பக்கமுள்களும். அதனால் மீன்முள் கால்வாய் என்றே பெயர் நிலைத்தது. கரை செங்குத்தாக இருக்கக் கூடாது, சரிவாக இருக்க வேண்டும். நாற்றை மேட்டில் நட்டால் காய்ந்துபோகும், அடியில் நட்டால் மூழ்கிப்போகும். அன்றாட ஓதம் ஏறி இறங்கும் நடுச்சரிவில் நட வேண்டும். எந்த ஓடையில் தண்ணீர் எந்த வேகத்தில் ஏறும், எங்கே சேறு தள்ளும் என்பதைக் கருவி வைத்து அளக்கலாம். அங்கே தினமும் இறங்குகிறவரைக் கேட்டும் தெரிந்துகொள்ளலாம். இரண்டையும் செய்தார்கள். ஊர்தோறும் குழு அமைத்து, கால்வாய் வெட்டும் வேலையையும் காவலையும் ஊராரிடமே கொடுத்தார்கள். முன்பு குற்றவாளிப் பட்டியலில் இருந்தவர்கள் வேலைப் பட்டியலுக்கு வந்தார்கள். பிச்சாவரத்தில் நடந்த மாற்றங்களில் பெரியது இதுதான் என்பது என் கருத்து.

பல்கலைக்கழகமும் சும்மா இருக்கவில்லை. பேராசிரியர் கே. கதிரேசனின் முயற்சியில் 1991 முதல் வெள்ளாற்றின் கரையில், மையத்தின் வாசலிலேயே, அலையாத்திக் கன்றுகளை நட்டு வளர்க்கத் தொடங்கினார்கள். அதுவரை படகேறிப் போய்ப் பார்க்க வேண்டியிருந்த காடு வகுப்பறைக்கு வெளியே எழுந்தது. ஆளுயரம் தாண்டி வளர்ந்தது. அதில் வந்து சேர்ந்த நண்டு எத்தனை, மீன்குஞ்சு எத்தனை, மண்ணில் சேர்ந்த கரிமம் எவ்வளவு என்று ஆண்டுக்கு ஆண்டு அளந்தார்கள். இயற்கைக் காட்டில் கிடைக்காத வசதி ஒன்று இங்கே உண்டு: ஒவ்வொரு பகுதிக்கும் வயது தெரியும். காடு திரும்பி வர எவ்வளவு காலம் ஆகும் என்ற கேள்விக்கு ஊகமாக அல்லாமல் கணக்காகப் பதில் சொல்லலாம்.

இந்த இரண்டு வேலைகளும் தெரிந்த பிறகுதான் வெளியிலிருந்து ஒரு பல்கலைக்கழகம் வந்தது. ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகத்தின் தலைமையிடம் டோக்கியோ. இளநிலை வகுப்புகள் நடத்துகிற வழக்கமான பல்கலைக்கழகம் அல்ல அது. ஆய்வையும் பயிற்சியையும் பல நாட்டு நிறுவனங்களோடு சேர்ந்து செய்வதுதான் அதன் வழி. நீர், சுற்றுச்சூழல், நலவாழ்வு பற்றிய அதன் நிறுவனம் 1996-ல் கனடாவின் ஹாமில்டன் நகரில் தொடங்கியது. அதுவும் யுனெஸ்கோவும் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் சேர்ந்து, 2000-களின் தொடக்கத்திலிருந்து, அலையாத்திக் காடுகளின் பல்லுயிர் வளம் பற்றிய பன்னாட்டுப் பயிற்சி வகுப்பைப் பரங்கிப்பேட்டையில் நடத்தின. வளரும் நாடுகளின் இளம் ஆய்வாளர்களும் காடு, கடற்கரை நிர்வாகத்தில் இருப்பவர்களும் பரங்கிப்பேட்டைக்கு வந்து படித்தார்கள்.

இதை நான் பெரிதாக நினைப்பதற்குக் காரணம் உண்டு. அதுவரை வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் என்றாலே நம்மிலிருந்து ஒருவர் ஐரோப்பாவுக்கோ அமெரிக்காவுக்கோ போய்ப் படித்துவிட்டு வருவது என்றுதான் அர்த்தம். குளிர்நாட்டுக் கடற்கரையில் அலையாத்தி இல்லை. அங்கே போய் அதை எப்படிப் படிப்பது? காடு இருக்கும் இடத்துக்கு வகுப்பு வர வேண்டும். கென்யாவிலோ வங்கதேசத்திலோ இருக்கும் அலுவலருக்கு வேண்டியது, தன்னைப் போலவே பணம் குறைவான, மக்கள் நெருக்கம் மிகுந்த, வெட்டிக் கெடுத்த ஒரு கழிமுகத்தில் என்ன செய்தார்கள் என்ற பாடம். அந்தப் பாடம் பரங்கிப்பேட்டையில் இருந்தது. கனடாவிலிருந்து வந்தது உதவித்தொகையும் பாட ஒழுங்கும் உலகத் தொடர்பும். இங்கே இருந்தது சேறும் பதிவேடும் ஆசிரியரும். ஒருவரிடம் இல்லாதது மற்றவரிடம் இருந்தது.

சேற்றில் இறங்கிச் செய்யும் களப்படிப்பு எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு கருவியைச் சொல்கிறேன். பேனாவைவிடப் பருமனான ஒரு குழாய், ஒரு முனையில் சாய்ந்த கண்ணாடி. ஓடைத் தண்ணீரில் ஒரு சொட்டை அந்தக் கண்ணாடியில் விட்டு, மூடியைக் கவிழ்த்து, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து மறுமுனையில் கண் வைத்தால், மேலே நீலமும் கீழே வெள்ளையுமாக ஒரு கோடு தெரியும். கோடு நிற்கும் எண்தான் உப்பின் அளவு. ஓடையில் ஒரு சொட்டு. பத்தடி தள்ளிப் பொட்டலில் குழி பறித்து, ஊறிவரும் தண்ணீரில் இன்னொரு சொட்டு. இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தவருக்கு, மீன்முள் கால்வாய் எதற்கு என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. பிறகு சுரபுன்னை மரத்திலிருந்து முருங்கைக்காய் மாதிரி தொங்கும் நாற்றைப் பறித்து, கூர்முனையைச் சேற்றில் ஊன்றச் சொல்வார்கள். முழங்கால் வரை புதைந்து நின்று நட்ட கை, அந்த மரத்தைத் தாய்மரம் என்றுதான் பார்க்கும், விறகாகப் பார்க்காது.

2004 டிசம்பர் 26-ல் ஆழிப்பேரலை வந்தது. கடலூர் மாவட்டக் கரை சின்னாபின்னமாயிற்று. பரங்கிப்பேட்டைக் கரையோரத்தின் 18 மீனவக் குடியிருப்புகளைக் கதிரேசனும் அவருடைய சக ஆய்வாளரும் ஆராய்ந்து, காடும் கரைத் தாவரங்களும் இருந்த இடங்களின் பின்னால் உயிரிழப்பு குறைந்தது என்று 2005-ல் எழுதினார்கள். அதே ஆண்டு, சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர்களும் டென்மார்க் உள்ளிட்ட நாடுகளின் ஆய்வாளர்களும் சேர்ந்து, கடலூர்க் கரையின் செயற்கைக்கோள் படங்களை வைத்து, ஏறக்குறைய அதே முடிவை 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். உலகம் முழுக்கப் பிச்சாவரம் பேசப்பட்டது.

அதற்கடுத்த ஆண்டு மறுப்பு வந்தது. வெளிநாட்டு ஆய்வாளர்கள் சிலர் 18 குடியிருப்புகளின் அதே எண்களை எடுத்து மறுபடி கணக்குப் போட்டார்கள். கடலிலிருந்து எவ்வளவு தூரம், தரை எவ்வளவு உயரம் என்ற இரண்டையும் கணக்கில் சேர்த்தால், காட்டின் பங்கு மிகச் சிறியதாகிவிடுகிறது என்றார்கள். மரம் நட்டுவிட்டோம், இனிப் பயமில்லை என்று மக்கள் நம்பிவிட்டால் அடுத்த பேரலையில் ஆபத்து என்பது அவர்கள் கவலை. விவாதம் ஆய்விதழ்களில் தொடர்ந்தது. இதைச் சிலர் பிச்சாவரத்துக்கு நேர்ந்த அவமானமாகப் பார்த்தார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. நிலைத்த வளர்ச்சிக்கான கல்வி என்பது பச்சை வண்ணச் சுவரொட்டி அல்ல. நமக்குப் பிடித்த முடிவையே இன்னொருவர் தராசில் வைக்க அனுமதிப்பதுதான் படிப்பு. எண்களை வெளியிட்டதால்தான் மறுகணக்கு சாத்தியமாயிற்று. இப்போது பாடம் நிதானமாகியிருக்கிறது: அலையாத்தி அலையின் வேகத்தைக் குறைக்கும், கரை அரிப்பைத் தடுக்கும், மீன்குஞ்சுக்கு வீடாகும். முன்னெச்சரிக்கைக்கும் மேட்டுநிலத்துக்கு ஓடுவதற்கும் அது மாற்று ஆகாது. இந்த இரண்டு பாதிகளையும் கடற்கரைப் பள்ளிப் பிள்ளைகள் சேர்த்தே படிக்க வேண்டும்.

காட்டின் கணக்கையும் சொல்லிவிடலாம். 1986-க்கும் 2002-க்கும் இடையே பிச்சாவரத்தில் மரம் மூடிய பரப்பு ஏறத்தாழ 90 விழுக்காடு கூடியதைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. 2022-ல் பிச்சாவரம் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் இடம்பெற்றது.

இனி, மாறாத பக்கம். உச்ச நீதிமன்றத்தின் உத்தரவுக்குப் பிறகு, 2000-களின் தொடக்கத்திலிருந்து இளநிலைப் பட்டம் படிக்கும் எல்லோருக்கும் சுற்றுச்சூழல் கட்டாயப் பாடம். அன்று இந்தத் தாளே இல்லை, இன்று இருக்கிறது. இது முன்னேற்றம். ஆனால் பெரும்பாலான கல்லூரிகளில் அது தேர்வுக்கு முந்தின இரவில் கைடு பார்த்துப் படிக்கிற தாள். கடலோரக் கல்லூரி மாணவர்கூட ஈரநிலத்தின் இலக்கணத்தை ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதுகிறார், பக்கத்து உப்பங்கழிக்குப் போனதில்லை. 2014-ல் தொடங்கிய உன்னத் பாரத் திட்டத்தில் கல்லூரிகள் கிராமங்களைத் தத்தெடுக்கின்றன. நல்ல ஏற்பாடு. ஆனால் கணக்கெடுப்புப் படிவத்தை நிரப்பி, பெயர்ப்பலகையோடு படம் எடுத்துக்கொள்வதோடு நின்றால் அந்த ஊருக்கு அதனால் என்ன? புரிந்துணர்வு ஒப்பந்தங்களும் அப்படித்தான். தரமதிப்பீட்டுக் குழு வரும்போது கோப்பில் எத்தனை ஒப்பந்தம் என்று எண்ணுகிறார்கள். அவற்றில் எத்தனை ஒப்பந்தத்தில் யாருடைய கால் சேற்றில் பட்டது என்று யாரும் கேட்பதில்லை.

இன்னொரு குறை, இதைவிடப் பெரியது. பிச்சாவரத்துக் கழிகளைச் சுற்றி வாழும் இருளர்கள் பலகாலம் வலையும் படகும் இல்லாமல் கையால் துழாவியே இறால் பிடித்தவர்கள். ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் குந்தியபடி, வேர்களுக்கிடையே கைவிட்டுத் தடவிப் பிடிப்பார்கள். பழங்குடிச் சான்றிதழ் வாங்குவதே அவர்களுக்கு நெடும் போராட்டம். சான்றிதழ் இல்லாத பிள்ளைக்கு உதவித்தொகை ஏது, விடுதி ஏது? காட்டை மீட்ட பணியில் எம்.ஜி.ஆர். நகர் போன்ற இருளர் குடியிருப்புகளின் உழைப்பு இருக்கிறது. அவர்கள் அறிவு ஆய்வுக் கட்டுரைகளில் இருக்கிறது. ஆனால் அந்த அறிவைக் கொடுத்தவர்களின் பிள்ளைகள் கடல் உயிரியல் வகுப்பில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்? பன்னாட்டு வகுப்புக்கு எல்லை தாண்டி ஆள் வந்தார்கள். கூப்பிடு தூரத்திலிருந்து வருவதற்குத்தான் இன்னும் வழி செய்ய வேண்டியிருக்கிறது. ஒப்பந்தத்தில் மூன்றாம் கையெழுத்து ஊருடையதாக இருக்க வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

கடைசியாக, கால்வாய். ஓதம் ஒவ்வொரு நாளும் சேற்றைக் கொண்டுவந்து போடுகிறது. தூர் வாராவிட்டால் மீன்முள் கால்வாய்களின் வாய் அடைபடும். தண்ணீர் பழையபடி தேங்கும், உப்பு ஏறும், முப்பது ஆண்டு உழைப்பு பின்னுக்குப் போகும். திட்டங்களுக்கு மூன்றாண்டு, ஐந்தாண்டு என்று ஆயுள் உண்டு. திட்டம் முடிந்த பிறகு தூர் வார யார் பொறுப்பு? ஆண்டுதோறும் புது மாணவர்கள் வருகிற, ஆனால் தான் எங்கும் போய்விடாத நிறுவனம் ஒன்றுதான் இதற்குப் பொருத்தம். அது கல்லூரி.

ஆகவே கடலூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் மாவட்டக் கல்லூரிகளின் முதல்வர்களுக்கும் சுற்றுச்சூழல் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிச்சாவரத்துக்குச் சுற்றுலாப் பேருந்து அனுப்புவதோடு நிறுத்திவிடாதீர்கள். வனத்துறையிடமும் ஊர்க்குழுவிடமும் பேசி, கல்லூரிக்கு ஒரு கால்வாய் என்று எடுத்துக்கொள்ளுங்கள். மாதத்துக்கு ஒருமுறை உப்பை அளந்து ஒரே நோட்டில் எழுதுங்கள், எந்தக் கன்று பிழைத்தது என்று எண்ணுங்கள், கோடையில் தூர் வாரக் கூட நில்லுங்கள். வழிகாட்டி வரும் இருளர் பெரியவருக்கும் அம்மாவுக்கும் விருந்தினர் ஆசிரியருக்குத் தரும் அதே மதிப்பூதியத்தைக் கொடுங்கள். கட்டாயப் பாடத்தின் களப்பணி மதிப்பெண்ணை இதற்கே போடுங்கள். தொடங்குவதற்குப் பன்னாட்டு நிதி எதுவும் வேண்டாம். ஒரு கருவி, ஒரு நோட்டு, விடாமல் போய்வரும் ஒரு வகுப்பு போதும்.